ஒரே பெட்டி, தட்டுக்குத் தட்டு வேறு குரல்!

பவானிபூர்:

நல்ல பாட்டுப் பெட்டி ஒன்று வாங்கிவிட்டால் எல்லாப் பாட்டும் நன்றாகக் கேட்கும் என்று நினைப்பவர்கள் பலர். அவர்கள் கொல்கத்தாவில் பவானிபூர் ஜதுபாபு பஜாருக்குப் பின்னால் உள்ள ஒரு பழைய மூன்று மாடி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு முறை போய்வந்தால் போதும், எண்ணத்தை மாற்றிக்கொள்வார்கள். அங்கே சுமார் 400 எல்.பி. இசைத்தட்டுகளும், ஒரு மரப்பெட்டி நிறையப் பழைய 78 சுற்றுத் தட்டுகளும் கடந்த இரண்டு மாதங்களாக ஒவ்வொன்றாகப் பரீட்சை எழுதி வருகின்றன. தேறுகிற தட்டு சென்னைக்குப் போகும். தேறாதது இங்கேயே யாருக்காவது போகும். இல்லையேல் தெருவில் கூவிக்கொண்டு வரும் பிக்ரிவாலாவின் தள்ளுவண்டியில் ஏறும்.

தட்டுகளின் சொந்தக்காரர் கும்பகோணத்துப் பக்கத்தவர். 1966-ல் ஒரு தேயிலைக் கம்பெனிக்கு ஸ்டெனோவாக வந்து, இந்த ஊரிலேயே தலை நரைத்தவர். வயது 82. நகரத்தின் பெயர் 2001-ல் கொல்கத்தா என்று மாறிய பிறகும் அவர் வாயில் கல்கத்தாதான். குடியிருக்கும் வீடு இடிபட்டு அடுக்கு மாடியாகப் போகிறது. மகன் இருக்கும் நங்கநல்லூரில் இரண்டு அறை வீடு. "பாட்டெல்லாம் போனிலேயே இருக்கு அப்பா, தட்டை என்ன செய்யறது?" என்று மகன் கேட்டாராம். பேரம் நடந்து, கடைசியில் 150 தட்டுக்குச் சம்மதம் கிடைத்தது. அட்டையோடு சேர்த்து ஒரு எல்.பி. ஏறத்தாழ 230 கிராம். 150 தட்டு 35 கிலோவை ஒட்டி வரும். ரயிலில் மூன்றடுக்கு ஏ.சி. டிக்கெட் ஒன்றுக்கு 40 கிலோ வரை சாமான் இலவசம். ஆகக் கணவன் மனைவி இருவரில் ஒருவருடைய பங்கு முழுவதையும் தட்டுகளே தின்றுவிடும். "அப்போ என் பாத்திரமெல்லாம்?" என்று மாமி கேட்ட கேள்விக்கு இதுவரை பதில் இல்லை.

எந்த 150 என்பதுதான் இப்போது வழக்கு.

"கோளாறு தட்டில்தான் தாதா!"

இரண்டு வருடம் முன்பு வரை இந்த வீட்டில் இருந்தது கைப்பெட்டி போன்ற பழைய ரிக்கார்டு பிளேயர். மூடியிலேயே ஸ்பீக்கர். அதில் அரியக்குடியும் ஒன்றுதான், ஆர்.டி. பர்மனும் ஒன்றுதான், எல்லாம் ஒரே குழம்புச் சட்டியில் கொதித்த மாதிரி. யாரும் குறை சொன்னதில்லை. குறை தெரிந்தால்தானே!

பெரியவரின் 80-வது வயதுக்கு வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளை நல்ல டர்ன்டேபிளும் ஆம்ப்ளிபயரும் ஆள் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களும் வாங்கிக் கொடுத்தார். முதல் நாள் மாலை விளக்கேற்றி, உயிருக்கு உயிரான ஒரு கச்சேரித் தட்டைப் போட்டார்கள். குரல் தகரத்தில் கீறியதுபோல் வந்தது. மிருதங்கம் எங்கோ அடுத்த தெருவில் கேட்டது. பெட்டி பழுது என்று எண்ணி, சாந்தினி மார்க்கெட்டிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார்கள். அவர் கையோடு கொண்டுவந்த தட்டைப் போட்டார். கூடத்தில் ஆள் நின்று பாடுவது போல இருந்தது. "பெட்டி சரியாக இருக்கிறது தாதா, கோளாறு தட்டில்தான்" என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று முதல் பெரியவருக்குத் தூக்கம் போயிற்று. நாற்பது ஐம்பது வருடம் கொண்டாடிய தட்டுகளில் பாதி, புதுப் பெட்டியில் கேட்கச் சகிக்கவில்லை. மாறாக, யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்து உறை பிரிக்காமல் கிடந்த சில தட்டுகள் அமிர்தமாகப் பொழிந்தன. பழைய பெட்டி எல்லோருக்கும் ஒரே மாதிரி முக்காடு போட்டிருந்தது. புதியது முக்காட்டை எடுத்துவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. நல்ல கருவி எதையும் கூட்டிச் சொல்லாது. தட்டில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லும். அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்பது, அதைப் பதிவு செய்தவர், வெட்டியவர், அச்சடித்தவர், பிறகு வீட்டில் தேய்த்தவர் என்று நாலைந்து பேர் கையில் இருக்கிறது.

டம்டமில் பிறந்த தமிழ்ப் பாட்டு

இந்த விசாரணை கொல்கத்தாவில் நடப்பது ஒருவகையில் பொருத்தமே. இந்தியாவில் இசைத்தட்டின் தொட்டில் இந்த ஊர்தான். 1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் கிராமபோன் கம்பெனிக்காக இங்கே வந்து பாட்டுகளைப் பதிவு செய்தார். அப்போது பாடியவர்களில் புகழ் பெற்றவர் கவ்ஹர் ஜான். பாட்டின் முடிவில் தம் பெயரை அவரே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தற்பெருமை அல்ல. தட்டு ஜெர்மனியில் ஹானோவர் நகரில் அச்சாகும். அங்கே இருப்பவர்களுக்கு யார் தட்டு என்று தெரிய வேண்டுமே, அதற்காக!

ஊருக்கு ஊர் அனுப்பும் அந்தத் தொல்லை 1908-ல் தீர்ந்தது. சியால்தாவில் தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை வந்தது. பிறகு டம்டமுக்கு மாறியது. அந்தக் காலத்துத் தட்டின் மூலப்பொருள் அரக்கு. அரக்கு விளையும் சோட்டா நாகபுரிக் காடுகள் பக்கத்தில். கப்பல் ஏற்றும் துறைமுகம் கைக்கெட்டும் தூரத்தில். சென்னையில் பாடிய பாட்டு டம்டமில் தட்டாகி மறுபடி சென்னைக்குப் போய், மாயவரத்திலும் மதுரையிலும் கல்யாண வீடுகளில் ஒலித்தது. பழைய எச்.எம்.வி. தட்டின் நடுச் சீட்டைத் திருப்பிப் பார்த்தால் டம்டம் என்ற பெயர் பொடி எழுத்தில் கண்ணில் படும். அந்தக் கம்பெனிதான் 2000-த்தில் சரிகம என்று பெயர் மாற்றிக்கொண்டது.

ஆகவே நங்கநல்லூருக்குப் போகப்போகும் தட்டுகளில் பலவற்றுக்கு இது தாய்வீட்டிலிருந்து புறப்பாடு.

அரக்குத் தட்டு தரும் வியப்பு

பரீட்சைக்கு ஞாயிறுதோறும் இருவர் வருகிறார்கள். ஒருவர் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. இன்னொருவர் சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மதுரை இளைஞர். ஒரு தட்டு, இரண்டு பாட்டு, பிறகு தீர்ப்பு. நடுவில் மாமியின் காப்பி. தூள் லேக் மார்க்கெட்டில் கண்ணெதிரே அரைத்தது.

எல்லோரையும் முதலில் அசத்தியவை 78 சுற்றுத் தட்டுகள். பாகவதர் காலத்துத் தட்டு ஹைபை பெட்டியில் கேட்குமா என்று இளைஞர் சிரித்தாராம். முதலில் கேட்கத்தான் இல்லை. எல்.பி. முள்ளை வைத்தார்கள், கடலை வறுக்கும் ஓசைதான் வந்தது. காரணம் எளிது. 78 தட்டின் கீறல் எல்.பி.யின் கீறலைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அகலம். மெல்லிய முள் கீறலின் அடியில் விழுந்து, அங்கே தங்கிய அழுக்கைத்தான் வாசிக்கும். தனியாக 78-க்கு உரிய அகல முள் வாங்கிப் போட்டதும் இரைச்சல் பாதியாகக் குறைந்து, உள்ளிருந்து குரல் எழுந்தது.

அரக்கோடு கல்மாவைக் கலந்து அச்சடித்த தட்டு அது. எஃகு முள்ளைத் தேய்த்துத் தனக்கேற்ற வடிவுக்குக் கொண்டுவருவதற்காகவே அந்தக் கல்மாவு. பக்கத்துக்கு ஒரு முள் மாற்ற வேண்டும் என்பது அன்றைய விதி. சிக்கனம் பார்த்து ஒரே முள்ளில் பத்துப் பக்கம் ஓட்டியவர்கள் வீட்டுத் தட்டுகள் இன்று வெளுத்துக் கிடக்கின்றன. விதியை மதித்தவர்கள் வீட்டுத் தட்டு இன்றும் பாடுகிறது.

1925 வரை பாடகர் ஒரு கொம்புக்குள் கத்திப் பாட வேண்டும். பிறகு மைக் வந்தது. ஒரே மைக்; அதன் முன் பாடகர், சற்றுத் தள்ளிப் பிடில், இன்னும் தள்ளி மிருதங்கம். மூன்றரை நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். தவறினால் திருத்த வழி இல்லை. முதலிலிருந்து பாட வேண்டும். இந்தக் கட்டாயம் ஒரு நன்மையும் செய்தது. நடுவில் கை வைக்க ஆள் இல்லாததால், பாடியது பாடியபடி நிற்கிறது. மேல் ஒலிகளும் அடி ஒலிகளும் இல்லைதான். ஆனால் மனிதக் குரல் வாழும் நடுப்பகுதி அப்படியே இருக்கிறது. 1933-ல் மறைந்த கிட்டப்பாவின் தட்டு ஒன்றைக் கேட்டு, மதுரை இளைஞர் காப்பியை ஆறவிட்டாராம்.

அந்தத் தலைமுறைக்கும் கல்கத்தாவுக்கும் உறவு தட்டோடு நிற்கவில்லை என்பதையும் இடையில் சொல்லிவிடலாம். பாகவதர் நடித்து 1937-ல் வந்த அம்பிகாபதி, இங்கே ஈஸ்ட் இந்தியா ஸ்டூடியோவில் எடுத்த படம். சென்னையில் வசதி போதாத காலத்தில் தமிழ்ப் பட முதலாளிகள் மெயில் ஏறி இந்த ஊருக்குத்தான் வந்தார்கள்.

எந்தக் காது நம்பத்தக்கது?

எல்.பி.க்களில்தான் சண்டை மூண்டது.

ஒரு தட்டில் 'ஸ்' என்ற இரைச்சல் தாங்கவில்லை, தள்ளிவிடலாம் என்றார் இளைஞர். அப்படி ஒரு இரைச்சலே இல்லை என்றார் பெரியவர். வங்கி அதிகாரி இருவருக்கும் நடுவில்: "கொஞ்சம் இருக்கு." மூவரும் பொய் சொல்லவில்லை. இளம் காது 20,000 அதிர்வு வரை கேட்கும் என்பார்கள். வயது ஏற ஏற மேலிருந்து ஒவ்வொரு படியாகக் குறைந்துகொண்டு வரும். எண்பது வயதில் அதில் பாதி எட்டினாலே அதிகம். டேப்பின் இரைச்சல் பெரும்பாலும் அந்த மேல் படிகளில் இருப்பது. பெரியவருக்கு இயற்கையே அதை வடிகட்டிக் கொடுத்துவிட்டது.

"அவனுக்கு இரைச்சல் கேட்கிறது, எனக்குப் பாட்டு கேட்கிறது" என்று பெரியவர் சிரித்தார். இருந்தாலும் நங்கநல்லூரில் பிற்பாடு கேட்கப்போகிறவை பேரன் பேத்திகளின் காதுகள் என்பதால், இளைஞரின் ஓட்டையும் எண்ணிக்கையில் சேர்த்திருக்கிறார்கள்.

ஆனால் சுருதி விஷயத்தில் பெரியவரை யாரும் மிஞ்ச முடியவில்லை. ஒரு வாய்ப்பாட்டுத் தட்டில் தம்பூரா ஊஞ்சலாடுகிறது என்றார். மற்றவர்களுக்குப் புரியவில்லை. தட்டைச் சுழலவிட்டு முள்ளின் கையைக் கவனித்தபோது அது இடமும் வலமும் அசைந்தது. தட்டின் நடுத்துளை மையத்தில் இல்லை! துளை அரை மில்லிமீட்டர் விலகினாலே, தட்டின் உட்பகுதியில் சுருதி நூற்றில் ஒரு பங்கை ஒட்டி மேலும் கீழும் ஆடும். சினிமாப் பாட்டில் தெரியாது. தம்பூராவை வைத்து வளர்ந்த காதுக்குத் தலை சுற்றும். பாடியவரின் பிழை அன்று. பதிவு செய்தவரின் பிழையும் அன்று. துளையிட்ட இயந்திரத்தின் பிழை. இதே ஆல்பத்தின் வேறொரு பிரதி ஒழுங்காக இருக்கக்கூடும்.

ஆல்பத்துக்கு ஆல்பம் வேறுபடுவது போதாதென்று, ஒரே ஆல்பத்தின் பிரதிக்குப் பிரதியும் வேறுபடும் என்பது அன்று அவர்கள் கண்டது. முதலில் மெழுகு போன்ற பூச்சுத் தட்டில் பாட்டை வெட்டுகிறார்கள். அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, அந்த அச்சிலிருந்து இன்னொன்று எடுத்து, கடைசி அச்சால் தட்டு அடிக்கிறார்கள். ஓர் அச்சு ஆயிரம் தட்டைச் சுற்றித் தேயத் தொடங்கிவிடும். ஐம்பதாவது தட்டு வாங்கியவர் பாக்கியசாலி. அச்சை மாற்றாமல் அடித்த கடைசித் தட்டு வாங்கியவருக்கு மங்கல் குரல். 1973-ல் எண்ணெய் விலை ஏறியபோது பிளாஸ்டிக் விலையும் ஏறியது. பழைய தட்டுகளை உருக்கிக் கலக்கும் சிக்கனம் உலகத்தின் பல ஊர்களில் நடந்தது. அப்படிக் கலந்த தட்டு புதிதாக உறை பிரிக்கும்போதே பொரியும்.

இன்னொரு குறை தட்டின் வடிவத்திலேயே இருக்கிறது. எல்.பி. நிமிடத்துக்கு 33 சுற்றும் ஒரு மூன்றில் ஒரு பங்கும் சுழல்கிறது. வெளி விளிம்பில் முள்ளின் அடியில் நொடிக்கு அரை மீட்டர் நீளத் தடம் ஓடும். உள்ளே போகப் போகத் தடம் சுருங்கி, முடிவில் நொடிக்கு 20 சென்டிமீட்டர்தான். அதே பாட்டைப் பாதிக்கும் குறைவான இடத்தில் திணிக்க வேண்டும். அதனால்தான் பக்கத்தின் கடைசிப் பாட்டில் பிடிலும் 'ச', 'ஷ' எழுத்துகளும் கரகரக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் கடைசியில் அமைதியான உருப்படியை வைத்தார்கள். தெரியாதவர்கள் துரிதகாலத் தில்லானாவைக் கொண்டுபோய் அங்கே வைத்தார்கள்.

வெள்ளித்திரைத் தட்டுகள்

சினிமாத் தட்டுகள் தனிக் கதை. 1950, 60-களின் பாட்டுகள் படத்துக்காகப் பதிவானவை. பிலிமின் ஓரத்தில் ஒளிக்கோடாக ஒலியைப் பதித்துக் கொட்டகையில் போடுவதே நோக்கம். அந்தக் கோட்டில் 8,000 அதிர்வுக்கு மேல் சரியாக நிற்காது. கொட்டகைக்கு அது போதும். ஆகவே அந்தக் காலத்துப் பாட்டை ஹைபையில் போட்டு மேல் ஒலியைத் தேடுவது, தயிர்ச்சாதத்தில் காரத்தைத் தேடுவது போல. ஆனால் ஒரே ஸ்பீக்கருக்காக, ஒற்றை வழி மோனோவாக, பாடகரை முன்னே நிறுத்திப் பதிவு செய்தவர்களின் கைத்திறன் பெரிது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்துத் தட்டுகளில் ஒரு சொல்லும் சிதையவில்லை. பரீட்சையில் அவை நல்ல மார்க் வாங்கியிருக்கின்றன.

ஸ்டீரியோ வந்ததும் எல்லாம் சிறந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. ஒரு வீணைத் தட்டு. வீணை இடது சுவரில், மிருதங்கம் வலது சுவரில். நடுவில் பத்தடி பாலைவனம். "வித்வான்களுக்குள் ஏதாவது சண்டையோ?" என்று மாமி உள்ளிருந்து கேட்டார். அந்தத் தட்டு பிக்ரிவாலா வரிசைக்குப் போய்விட்டது.

தமிழ்ப் படப்பாட்டில் ஸ்டீரியோ என்றால் 1978-ல் வந்த ப்ரியாவைத்தான் முதலில் சொல்வது வழக்கம். இளையராஜாவின் அக்காலத்துத் தட்டுகள் பலவற்றை வெளியிட்ட இன்ரிகோ, 1932-ல் சண்டிசரண் சாஹா தொடங்கிய ஹிந்துஸ்தான் ரிக்கார்டு வழியில் வந்த கல்கத்தாக் கம்பெனியே. பண்ணைப்புரத்து இசை பலருக்கும் ஹூக்ளிக்கரைத் தட்டில்தான் கிடைத்தது. 1980-களில் எக்கோ என்ற சென்னை நிறுவனம் முன்னுக்கு வந்தது. எக்கோ தட்டுகளை இன்று வெளிநாட்டார்கூடத் தேடி வாங்குகிறார்கள். பவானிபூர்ப் பெட்டியில் அவற்றைப் போட்டபோது காரணம் விளங்கிற்று. கிடாரின் அடிநாதம் தரையில் நடக்கிறது. அதன் மேல் வயலின் கூட்டம். இரண்டும் ஒன்றை ஒன்று மிதிக்கவில்லை. கர்நாடக இசையைத் தவிர வேறெதையும் எளிதில் ஒப்புக்கொள்ளாத பெரியவர், "பையன் கணக்குத் தெரிந்து எழுதியிருக்கான்" என்று சொன்னது அந்த மாலையின் பெரிய செய்தி.

கேசட்டுகளைப் பரீட்சைக்கே எடுக்கவில்லை. ஸ்டூடியோவில் டேப் நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். கேசட்டில் ஐந்து சென்டிமீட்டர்கூட ஓடாது. அதிலும் விற்பனைக்கு வந்தவற்றை அவசர வேகத்தில் நகல் எடுத்தார்கள். இந்த ஊரின் மழைக்காலப் பூஞ்சணம் மிச்சத்தைத் தின்றுவிட்டது.

தம்பூரா எங்கே போயிற்று?

"போனிலேயே இருக்கு" என்ற மகனின் வாதத்தையும் நியாயமாக விசாரித்தார்கள். ஒரு பழைய கச்சேரித் தட்டு. அதே கச்சேரி போனில். போனை அதே ஆம்ப்ளிபயரில் இணைத்து, மாற்றி மாற்றிக் கேட்டார்கள். போனில் பொரிசல் இல்லை, இரைச்சல் இல்லை, துடைத்துவைத்த பாத்திரம் மாதிரி சுத்தம். ஆனால் ஏதோ குறைந்தது. என்ன என்று கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. தம்பூரா இல்லை! அடியோடு இல்லை என்பதில்லை. 'டொய்ங்' என்ற மீட்டு மட்டும் இருக்கிறது, அதன் பின் சிறகு விரிக்கும் ரீங்காரம் போய்விட்டது. இரைச்சலை நீக்கும் கம்ப்யூட்டருக்கு டேப்பின் 'ஸ்'ஸும் தம்பூராவின் ஜீவாவும் ஒன்றே போல் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளிவிட்டது.

எல்லா டிஜிடல் வெளியீட்டையும் இப்படிச் சொல்வது தவறு. 1982-ல் காம்பாக்ட் டிஸ்க் வந்தபோது தேய்மானம், பொரிசல், துளைக் கோளாறு என்ற மூன்று சனியன்களும் ஒரே நாளில் ஒழிந்தன. 1992-ல் ரோஜா வந்தபோது அதன் அடி ஒலியின் ஆழத்தையும் சுத்தத்தையும் கேட்டு வாய் பிளந்தவர்கள் எத்தனை பேர்! ரஹ்மானுடன் பல ஆண்டு பணியாற்றி 2008-ல் மறைந்த ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதரின் பெயரைப் பாட்டுப் பைத்தியங்கள் இன்றும் மரியாதையோடு சொல்கிறார்கள். 1964-ன் கர்ணன் 2012-ல் டிஜிடலாகச் செப்பனிட்டுத் திரும்ப வந்தபோது கொட்டகைகள் நிரம்பின.

வினை வேறு இடத்தில் இருக்கிறது. 1990-களின் பின்பகுதி தொடங்கி உலகம் முழுவதும், தன் பாட்டு அடுத்தவன் பாட்டைவிட உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டி வந்தது. மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் அழுத்தி ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள். காரிலும் டீக்கடையிலும் எடுபடும். நல்ல பெட்டியில் பத்து நிமிடம் கேட்டால் தலை வலிக்கும். மேடை ஏறி இறங்காத சங்கீதம் அது. மதுரை இளைஞர் ஆசையோடு கொண்டுவந்த ஒரு புதுப் படத்தின் பாட்டுகள் இந்தக் கணக்கில் தோற்றன. அவருக்கு வருத்தம்தான், ஆனால் அவரே எழுந்து நிறுத்தினார்.

பூமிக்கு அடியில் ரயில்

ஒரு தட்டில் மட்டும் என்று நினைத்த கோளாறு எல்லாத் தட்டிலும் வந்த கதையும் உண்டு. சில நிமிடத்துக்கு ஒரு தரம் ஸ்பீக்கரில் 'கும்' என்று ஓர் உறுமல். எந்தத் தட்டைப் போட்டாலும் வந்தது. கடிகாரத்தை வைத்துப் பார்த்த வங்கி அதிகாரிக்குப் பிடிபட்டது. மெட்ரோ!

இந்தியாவின் முதல் பாதாள ரயில் 1984 அக்டோபர் 24-ந் தேதி எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரைதான் ஓடியது. இப்போது நேதாஜி பவன் என்று பெயர் மாறியிருக்கும் நிலையம்தான் அன்றைய பவானிபூர். ரயிலின் அதிர்வு மண்வழியே ஏறி, மர மேஜைக் கால் வழியே முள்ளுக்கு வந்திருக்கிறது. பழைய பெட்டிக்கு அந்த அடி ஒலியை எழுப்பும் சக்தி கிடையாது. எனவே நாற்பது வருடமாக வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. டர்ன்டேபிளை மேஜையிலிருந்து எடுத்துச் சுவரில் அடித்த கனத்த பலகையில் வைத்ததும் உறுமல் நின்றது. அதற்கு முன் தோல்வி அடைந்த பதினொரு தட்டுகளுக்கு மறுதேர்வு வைத்தார்கள். நான்கு தேறின.

மாமியின் சுப்ரபாதம்

எல்லாவற்றிலும் கடினமான தீர்ப்பு எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம். 1963-ல் வெளிவந்த தட்டு. மாமி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் விடியற்காலையில் சுழன்ற தட்டு. 1970-களில் மின்வெட்டு வந்து பாட்டு இழுத்து இழுத்து நின்றுபோன நாட்களிலும், கரண்டு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து பாடிய தட்டு. பழைய பெட்டியின் முள் ஐந்தாறு கிராம் பாரத்தோடு அழுத்தும். புதியது இரண்டு கிராமைத் தாண்டாது. அத்தனை வருடப் பாரம் கீறலின் சுவரை உழுதுவிட்டது. புதுப் பெட்டியில் அது கரகரத்தது. இரண்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வங்கி அதிகாரி ப்ரீ ஸ்கூல் தெருப் பழைய தட்டுக் கடைகளில் தேடி, அதே சுப்ரபாதத்தின் அதிகம் ஓடாத ஒரு பிரதியைக் கொண்டுவந்தார். போட்டார்கள். கைவேலையாக இருந்த மாமி வாசற்படியில் வந்து நின்றார். "ரெண்டு பேர் பாடறா!" என்றார். எம்.எஸ்.ஸுடன் அவர் மகள் ராதா சேர்ந்து பாடுவது அட்டையிலேயே போட்டிருக்கிறது. ஆனால் இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் இரண்டு குரலும் தனித்தனியாகக் கேட்டது அன்றைக்குத்தான். ஸ்டீரியோகூட இல்லை, வெறும் மோனோ. நல்ல பதிவு, தேயாத தட்டு, ஒழுங்கான முள். வேறு மாயம் எதுவும் இல்லை.

எந்தப் பிரதி போவது? பழைய அட்டையின் உள்பக்கத்தில் இரண்டு குழந்தைகளும் பிறந்த நேரம் பென்சிலில் குறித்திருக்கிறது. மாமியே தீர்ப்பு சொன்னார். புதுத் தட்டைப் பழைய அட்டைக்குள் போட்டு, பெட்டியில் முதலாவதாக வைத்தார். தேய்ந்த தட்டைப் பிக்ரிவாலாவுக்குக் கொடுக்கவும் மனம் வரவில்லை; அது இப்போதைக்குப் பூஜை அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது.

பஜகோவிந்தம் தட்டு விவாதமில்லாமல் தேறியது. முன்னுரையாக வரும் ராஜாஜியின் பேச்சைப் புதுப் பெட்டியில் கேட்டால், 1972-ல் மறைந்த அந்த முதியவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது போல மூச்சுகூடத் தெரிகிறது. பாட்டைவிடப் பேச்சுதான் பெட்டிக்கும் தட்டுக்கும் சரியான உரைகல் என்று வங்கி அதிகாரி சொல்கிறார். மனிதன் பேசுவது எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும் அல்லவா?

இதுவரை 127 எல்.பி.க்கள் பெட்டி ஏறியிருக்கின்றன. அவற்றில் 19, ஒலியில் தோற்றும் பாசத்தால் ஏறியவை. அந்தக் கணக்கைப் பெரியவர் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறார். தேறாத சினிமாத் தட்டுகளை மதுரை இளைஞர் எடுத்துக்கொள்கிறார். ப்ரீ ஸ்கூல் தெரு வியாபாரி ஒருவர் வந்து மிச்சத்தைப் பார்த்தார். ஒரு தட்டையும் போட்டுக் கேட்கவில்லை; அட்டையின் மூலை மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து விலை சொன்னார்.

78 தட்டுகளில் 20 தேர்ந்தெடுத்து வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுபோவதாக ஏற்பாடு. அரக்கு கண்ணாடி மாதிரி. பார்சலில் போட்டால் சென்னை சேரும்போது சல்லிதான் மிஞ்சும். 14 முடிந்து, ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை எடுத்து வைத்த நேரத்தில் 78-க்கான முள்ளின் நுனி உடைந்துவிட்டது. புது முள்ளுக்குச் சாந்தினியில் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. டிக்கெட் அடுத்த மாதம் 9-ந் தேதிக்கு எடுத்தாகிவிட்டது. தோடி மேஜைமேல் காத்திருக்கிறது.